சீனக்குடா: ஒரு துறைமுகப் புறநகரின் வரலாறும் வளர்ச்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் பாதுகாப்பையும் அதன்மேல் வல்லரசுகள் கொண்டிருந்த ஆசையையும் பற்றிப் பல மொழிகளில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அத்துறைமுகத்தின் கரையில் வளர்ந்த ஊர்களைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. அவ்வூர்களுள் முதன்மையானது சீனக்குடா. சீனன்குடா என்றும் வழங்கும் இப்பகுதி, திருகோணமலை நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தொலைவில், உள்துறைமுகத்தின் வடமேற்குக் கரையில் அமைந்துள்ளது. எண்ணெய்க் குதங்கள், விமானத்தளம், மாவு ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, புகையிரத நிலையம், இறங்குதுறைகள் என ஒரு தொழில்நகருக்கு வேண்டிய அனைத்தும் நூறாண்டுக் காலத்துக்குள் இங்கு வந்து சேர்ந்தன. அப்படியிருந்தும் சீனக்குடா இன்றுவரை ஒரு நகரமாகத் திரளவில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் கரையில் இருக்கும் ஓர் ஊர், தொழிற்கூடங்களின் வரிசையாகவும் அவற்றின் வேலிகளுக்கு இடையே சிக்கிய கிராமங்களாகவும் நின்றுபோனது ஏன் என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

முதலில் நிலத்தின் அமைப்பைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திருகோணமலைத் துறைமுகம் எனப் பொதுவாகச் சொல்லப்படுவது மூன்று நீர்ப்பரப்புகளின் தொகுதியாகும். கிழக்கே கடலை நோக்கித் திறந்திருப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை அதில் வந்து கலக்கிறது. அதன் அடியில் தொடங்கி ஆழ்கடல் வரை ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஓடுவதால், பெரிய கப்பல்களும் கரைக்கு மிக அருகே வர முடிகிறது. அதற்கு வடக்கே, சுமார் 500 மீற்றர் அகலமுள்ள வாயிலின் வழியாக நுழைந்து சேரும் இடம் உள்துறைமுகம். ஏறக்குறைய 1,630 ஹெக்டேயர் பரப்புள்ள இந்நீர்நிலையை ஒஸ்ரன்பேர்க் முனை முதலான குன்றுகள் மறைத்து நிற்பதால், வெளிக்கடலில் செல்லும் கப்பலின் கண்ணுக்கு அது தென்படாது. மேற்கே, ஆழம் குறைந்த களப்பாக விரிவது தம்பலகாமக் குடா. களப்பு என்பது கடலோடு ஒடுங்கிய வாயிலால் இணைந்து, ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. ஆழமான உள்துறைமுகத்துக்கும் ஆழமற்ற இக்களப்புக்கும் இடைப்பட்ட நிலத்திலேதான் சீனக்குடா இருக்கிறது. ஒருபுறம் பெருங்கப்பலும் மறுபுறம் சிறுதோணியும் வந்துசேரும் இந்த இடநிலை அதன் வரலாற்றை இருவேறு பொருளாதாரங்களுக்கு இடையே நிறுத்தியிருக்கிறது.

அவற்றுள் பழமையானது களப்பின் பொருளாதாரம். தம்பலகாமம், கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் பழைய வயல்வெளி. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்கோணேச்சரத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பிய பின்னர், அக்கோயிலின் வழிபாட்டு மரபு தம்பலகாமத்து ஆதி கோணநாயகர் கோயிலில் தொடர்ந்ததாக மரபுச் செய்தி உண்டு. களப்பின் கரையில் நெல்லும் மீனும் இறாலும் மட்டுமன்றி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தட்டையான ஓடு கொண்ட ஒருவகைச் சிப்பியும் வருவாய் தந்தது. அச்சிப்பியில் விளையும் மிகச் சிறிய முத்துகள் அணிகலனுக்குப் பெரிதும் பயன்படாதவை; அவை இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, சுட்டுச் சுண்ணாம்பாக்கப்பட்டு, செல்வர்களின் தாம்பூலத்தில் சேர்க்கப்பட்டன. இச்சிப்பிக் குளிப்பை 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு குத்தகைக்கு விட்டது. அதன் உயிரியலை அக்காலத்தில் திருகோணமலையில் ஆராய்ந்தவர் கெலார்ட் என்னும் இலங்கை இயற்கையியல் அறிஞர். துறைமுகத்தின் வரலாற்றைப் பீரங்கிகளோடு தொடங்கும் நூல்கள் இந்தக் களப்பு வாழ்வைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன. பிற்காலத்தில் வேலி எழுந்தபோது எதை அது அடைத்தது என்பதை உணர, அவ்வாழ்வு அங்கே முன்பே இருந்தது என்பதை மறக்காமல் இருக்க வேண்டும்.

பெருங்கப்பல்களின் பொருளாதாரம் வேறொரு தருக்கத்தில் இயங்கியது. 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர்; 1782ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியரும், அதே ஆண்டு ஓகஸ்ட்டில் சுஃப்ரென் தலைமையிலான பிரெஞ்சுக்காரரும் அதைப் பிடித்தனர்; மீண்டும் ஒல்லாந்தருக்குப் போய், 1795இல் பிரித்தானியர் கையில் நிலைத்தது. இத்தனை கைமாற்றங்களிலும் ஒரு செய்தி மாறாமல் இருந்தது: வந்தவர் எவருக்கும் திருகோணமலை வாணிபச் சந்தையாகத் தேவைப்படவில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பாதுகாப்பாக நிற்க இடமில்லாத போர்க்கப்பல்களுக்கு ஒதுங்குமிடமாகவே அது வேண்டியிருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இங்கே கடற்படைப் பட்டறையும் கோட்டையும் வளர்ந்தன. பண்டசாலைகளும் வங்கிகளும் வணிகர் தெருக்களும் வளரவில்லை.

கொழும்போடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். கொழும்புக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. 1875இல் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டி, பெரும் பொருட்செலவில் செயற்கையாகவே அது உருவாக்கப்பட்டது. ஆனால் கண்டிவரையான புகையிரதப் பாதை 1867இலேயே திறக்கப்பட்டுவிட்டதால், மலையகத்தின் கோப்பியும் பின்னர் தேயிலையும் இறங்கிவர ஒரு வழி அங்கே ஆயத்தமாக இருந்தது. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது அறுபது ஆண்டுகள் கழித்து, 1927இல்தான். துறைமுகத்தின் பின்னிலம், அதாவது ஒரு துறைமுகத்துக்குச் சரக்கை அனுப்பவும் அதிலிருந்து பெறவும் கூடிய உள்நாட்டுப் பரப்பு, இங்கே மலேரியாக் காய்ச்சலால் மக்கள் அருகிப்போன வறண்ட வலயக் காடாக இருந்தது. நகரம் வளராமைக்குப் பின்னிலம் இன்மையே காரணம் எனச் சொல்வோர் முன்வைக்கும் வலுவான சான்று இது.

எனினும், கல்லோயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம் வழியாகத் திருகோணமலை நோக்கி வந்த அந்தப் பாதை, கடைசி நிலையத்துக்கு முன் சீனக்குடாவைத் தொட்டுச் சென்றதற்கு உள்நாட்டுச் சரக்கைவிட வலிய காரணம் ஒன்று இருந்தது. முதலாம் உலகப் போரை ஒட்டிப் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியது. நிலக்கரியைக் கரையில் குவித்து வைக்கலாம், கூலியாட்களைக் கொண்டு கப்பலில் ஏற்றலாம்; எண்ணெய்க்கு மூடிய தாங்கிகளும் குழாய்களும் வேண்டும், குண்டு வீச்சுக்கும் பீரங்கிக்கும் எட்டாத இடமும் வேண்டும். சுயஸ் முதல் சிங்கப்பூர் வரை நகரும் கப்பற்படைக்கு நடுவழியில் எரிபொருள் சேமிக்கக் கடலிலிருந்து மறைந்த உள்துறைமுகமும், அதன் பின்னே மரமடர்ந்த மேட்டுநிலமும் கொண்ட சீனக்குடா மிகவும் பொருந்தியது. 1920களில் தொடங்கி 1930கள் வரை நடந்த இக்கட்டுமானமே சீனக்குடா என்னும் புறநகரின் உண்மையான தொடக்கம்.

இன்று எஞ்சியிருக்கும் தாங்கிகள் 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் எண்ணெய் கொள்ளக்கூடியது. இறங்குதுறைக்கு அண்மையில் கீழ்த்தொகுதியும், உள்ளே காட்டுக்குள் அதைவிடப் பன்மடங்கு பெரிய மேல்தொகுதியுமாக, 800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அவை பரவிக் கிடக்கின்றன. மேல்தொகுதியில் ஒரு தாங்கியை அணுகிப் பார்த்தால், தடித்த உருக்குத் தகடுகளாலான வட்ட உருளை ஒன்று, தன்னைச் சுற்றி எழுப்பப்பட்ட காப்புச் சுவருக்குள் ஒடுங்கி நிற்பது தெரியும். சுவர் வெடிப்பையும் கசிவையும் தடுக்க, சுற்றியுள்ள மரங்கள் வானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணை மறைக்க உதவின. பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டிருந்தும் இவற்றுள் பல இன்னும் பழுதுபார்க்கத் தக்கனவாக இருப்பது கட்டியவர்களின் திறனுக்குச் சான்று. ஆனால், ஓர் ஊரின் நடுவே நூறளவான தாங்கிகளுக்காக இத்தனை நிலம் ஒரே வேலிக்குள் அடைக்கப்பட்டபோது, அந்த ஊரின் எதிர்கால வரைபடமும் அப்போதே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

எண்ணெயை ஒட்டி விமானத்தளம் வந்தது. களப்புக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட தட்டை நிலத்தில் ஓடுபாதை அமைந்தது. சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்த பின் இந்தத் தளத்தின் மதிப்பு ஒரே இரவில் உயர்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை, ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் எண்ணெய்க் குதத்தையும் தாக்கின. பிரித்தானிய அரச விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள் சீனக்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்தன. அவற்றுள் பல வீழ்ந்தன. ஜப்பானிய விமானம் ஒன்று 91ஆம் எண் தாங்கியின் மேல் மோதியதாகவும், அதில் மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்ததாகவும் கூறப்படுகிறது; சிதைந்த அத்தாங்கி இன்றும் காட்டுக்குள் அப்படியே விடப்பட்டிருக்கிறது. தாக்குதலுக்கு முன்னிரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தில் குண்டுபட்டு எரிந்த சகாயிங் என்னும் சரக்குக் கப்பலின் உடலை இலங்கைக் கடற்படை வெளியே எடுத்தது 2018இல்தான். போர் நூல்கள் கப்பல்களையும் விமானங்களையும் எண்ணிக் காட்டுகின்றன. அன்று காலை வீட்டை விட்டுக் காட்டுக்கும் உள்ளூர்களுக்கும் ஓடிய குடிமக்களைப் பற்றி அவை சொல்வது சொற்பம்.

போர் சீனக்குடாவுக்கு மக்களைக் கொண்டுவந்தது. 1921இல் சுமார் 34 ஆயிரமாக இருந்த திருகோணமலை மாவட்ட மக்கள்தொகை 1946இல் சுமார் 76 ஆயிரமாக, அதாவது இரு மடங்குக்கு மேலாக உயர்ந்தது. பட்டறைத் தொழிலாளர், எழுதுவினைஞர், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், குழாய் பொருத்துநர் எனத் தென்னிலங்கையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் பாலையூற்று, ஆண்டாங்குளம், மட்கோ, சீனக்குடா முதலிய இடங்களில் குடியமர்ந்தனர். இவர்களின் குடியிருப்பு நிலைத்த உரிமையின்மேல் எழுந்ததன்று. வேலை இருக்கும்வரை இருக்கலாம் என்னும் முகாம் வாழ்வின் மேல் எழுந்தது. ஆகவே, 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை வெளியேறியபோது நாடு இறைமையைக் கொண்டாடியது. அத்தளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தனர். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டியதில்லை. வெளியேறியவர்கள் விட்டுச்சென்ற நிலம் மக்களுக்குத் திரும்பவில்லை. பட்டறை இலங்கைக் கடற்படைக்கும், ஓடுபாதை விமானப்படைக்கும், குதங்கள் காலப்போக்கில் 1961இல் நிறுவப்பட்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், கரையோரம் பின்னர் 1979இல் உருவான துறைமுக அதிகார சபைக்கும் சென்றன. உரிமையாளர் மாறினர், வேலி மாறவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகள் சீனக்குடா உறங்கிக் கிடந்தது எனலாம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் இரு பெரும் ஆலைகள் வந்தன. சிங்கப்பூர் நிறுவனமான பிறீமா 1977இல் அரசுடன் உடன்பாடு செய்து, 1980இல் மாவு ஆலையை இயக்கத் தொடங்கியது. ஒரே வளாகத்தில் இயங்கும் உலகின் மிகப் பெரிய மாவு ஆலைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. கோதுமை கொண்டுவரும் பெருங்கப்பல் ஆலையின் சொந்த இறங்குதுறையிலேயே நேராகக் கட்டப்படுவதும், தானியம் உறிஞ்சிக் குழாய் வழியே களஞ்சியக் கோபுரங்களுக்கு ஏறுவதும் உள்துறைமுகத்தின் ஆழம் தந்த வசதி. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆயினும் நாட்டின் வீடுகளில் பாணும் ரொட்டியும் ஆகும் மாவின் பெரும்பங்கு இந்தக் கரையில்தான் அரைபடுகிறது. 1980களின் முற்பகுதியில் ஜப்பானியக் கூட்டுடன் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து ஆலையும் இவ்வாறானதே. சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சூளையில் வெந்து இறுகிய கட்டிகளுக்குக் கிளிங்கர் என்று பெயர்; அவை கப்பலில் வந்திறங்கி, ஜிப்சத்தோடு சேர்த்துப் பொடியாக்கப்பட்டு, மூட்டைகளாக லொறியில் ஏறுகின்றன.

எண்ணெய், கோதுமை, கிளிங்கர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சீனக்குடாவின் பொருளாதார இயல்பு புலப்படும். மூன்றும் கடல்வழி வருபவை. மூன்றும் மாவட்டத்துக்கு வெளியே போய்ச் செலவாகுபவை. தம்பலகாமத்து நெல்லும் களப்பின் இறாலும் மூதூர், கிண்ணியாவின் மீனும் இவ்வாலைகளின் வாயிலைத் தொடுவதில்லை. வேலைவாய்ப்பு உண்டு, அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் ஓர் ஆலையைச் சுற்றி உள்ளூர் மூலப்பொருளும், அதைச் சுற்றிச் சிறுதொழிலும், அதைச் சுற்றிச் சந்தையும் உருவாகி ஊர் நகரமாகும் வழக்கமான வளர்ச்சி இங்கே நிகழவில்லை. சீனக்குடா வந்த பொருளை வைத்திருந்து அனுப்பும் களஞ்சியசாலையாகவே இருந்து வந்துள்ளது.

நகரம் வளராமைக்கு, பின்னிலம் இன்மைக்கும் வேலிக்குள் அடைபட்ட நிலத்துக்கும் அடுத்து, மூன்றாவதாகச் சொல்லப்படும் காரணம் உள்நாட்டுப் போர். 1983இலிருந்து 2009வரை இம்மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பல தடவை இடம்பெயர்ந்தனர்; தமிழருள் பலர் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்றனர். அதே காலத்தில் எண்ணெய்க் குதங்கள் அனைத்துலக அரசியலின் பொருளாயின. அவற்றை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுக்க 1980களின் முற்பகுதியில் நடந்த முயற்சி இந்தியாவின் எதிர்ப்பைக் கிளப்பியது. 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்கும் எனக் குறிக்கப்பட்டது. அவ்வாறு குறித்தும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. 2003இல் குதங்களை 35 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற, இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் கீழ்த்தொகுதியை மட்டுமே இயக்கியது. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட புதிய உடன்பாட்டின்படி 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கும் பங்கிடப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 வீதமும் உரியன. 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. இவ்வாவணங்களில் தாங்கிகளின் எண்ணிக்கை துல்லியமாக இருக்கிறது. அவற்றைச் சுற்றி வாழ்பவர்கள் அவற்றின் பொருளாக இல்லை.

அம்மக்கள் யார் என்பதைப் பார்க்க வேண்டும். சீனக்குடாவிலிருந்து தெற்கே செல்லும் வீதியில் நாச்சிக்குடா, வெள்ளைமணல், கருமலையூற்று என முஸ்லிம் மீனவக் கிராமங்களும், வீதியின் மறுபக்கங்களில் தமிழ், சிங்களக் குடியிருப்புகளும் கலந்திருக்கின்றன. கிண்ணியாவுக்குச் செல்ல ஒருகாலத்தில் "பாதை" எனப்படும் மிதவைப் படகில் வாகனங்களோடு காத்திருந்து கடக்க வேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் சவூதி அரேபிய நிதியுதவியால் கட்டப்பட்ட, 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது, நோயாளியும் மாணவரும் மீன் வியாபாரியும் நேரத்தை மிச்சப்படுத்தினர். சீனக்குடாப் பகுதி மக்களுக்காக இந்நூற்றாண்டில் செய்யப்பட்ட பணிகளுள் மிகப் பயனுடையது எதுவெனக் கேட்டால், குதங்களையும் ஆலைகளையும் விட இந்தப் பாலத்தையே சுட்ட வேண்டும். மாறாக, கருமலையூற்றில் கரையோர நிலம் போருக்குப் பின்னும் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கிருந்த பழைய பள்ளிவாசல் 2014இல் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளேயே அழிந்துபோனது. குடாவின் எதிர்க்கரையில் சம்பூர் மக்கள் 2006இல் வெளியேற்றப்பட்டு, அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகவும் பின்னர் அனல்மின் நிலையத்துக்கு ஒதுக்கிய இடமாகவும் ஆக்கப்பட்டது. 2015இலிருந்து அவர்கள் படிப்படியாகத் திரும்பினர், அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. பத்தாண்டுக் காலம் மக்களை வெளியே நிறுத்திவைத்த நிலத்தில் அந்த மின்நிலையம் எழவே இல்லை.

இம்மூன்று காரணங்களையும் எடைபோட்டால், பின்னிலம் இன்மை 19ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தும். கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களால் மாவட்ட மக்கள்தொகை 1981இல் ஏறக்குறைய இரண்டரை இலட்சத்தையும் 2012இல் 3 இலட்சத்து 80 ஆயிரத்தையும் எட்டிய பின் அக்காரணம் வலுவிழக்கிறது. போர் பேரழிவைத் தந்தது. ஆனால் போருக்கு முன்னிருந்த இருபத்தைந்து ஆண்டு அமைதியிலும் சீனக்குடா நகரமாகவில்லை, போருக்குப் பின்னரும் ஆகவில்லை. நூற்றாண்டு முழுவதும் மாறாமல் இருந்து வந்த காரணம், கரையோர நிலம் ஒருசில நிறுவனங்களின் கையில் மொத்தமாக அடைபட்டிருப்பதே. வீடு கட்டக் கடன் வாங்க உறுதிப்பத்திரம் இல்லாதவரும், படகு இழுத்து வைக்கக் கரை இல்லாதவரும், கடை போட வீதியோரம் தவிர வேறிடம் இல்லாதவரும் ஒரு நகரத்தைக் கட்ட இயலாது.

எரிசக்தி மையம் என்னும் புதிய திட்டம் சீனக்குடாவுக்கு நன்மை தர வேண்டுமாயின், குழாய்களுக்கு முன் காணி அளவை நடக்க வேண்டும். பயன்பாட்டில் இல்லாத படைத்தரப்பு, துறைமுக அதிகார சபைக் காணிகள் எவை என்பதைப் பிரதேச செயலகம் வெளிப்படையாகப் பட்டியலிட்டு, நீண்டகாலம் குடியிருப்போருக்கு உறுதி வழங்க வேண்டும். நாச்சிக்குடா, வெள்ளைமணல் மீனவருக்குக் கடலுக்கும் களப்புக்கும் செல்லும் வழி சட்டத்தால் காக்கப்பட வேண்டும். 61 தாங்கிகளை இயக்கப்போகும் கூட்டு நிறுவனம் தன் வேலைவாய்ப்பிலும் தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளிலும் சுற்றியுள்ள கிராமங்களுக்கு என்ன பொறுப்பேற்கிறது என்பதை எழுத்தில் தர வேண்டும். அடுத்த உடன்பாடு கைச்சாத்தாகுமுன் இவற்றைத் திருகோணமலையின் மக்கள் பிரதிநிதிகள், எக்கட்சியினராயினும், ஒன்றாகக் கேட்டுப் பெற வேண்டும்.